நதியை வணங்கினால் மட்டும் போதுமா?
(புனே உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

கலசத்தில் கங்கை, யமுனை, காவேரியை ஆவாஹனம் பண்ணுகிறோம். அதே கையால் பூஜை நிர்மால்யத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பாலத்திலிருந்து முட்டா நதியில் நானும் போட்டவன்தான். அந்த நீர் முளாவுடன் கலந்து, பீமா வழியாகக் கிருஷ்ணாவுக்குப் போகிறது.

சென்ற ஆண்டு சிலர் சேர்ந்து கரையைச் சுத்தம் செய்தோம். வண்டிக்கு ஏற்பாடு செய்யாமல் மூட்டைகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். இரவு பெய்த மழையில் எல்லாம் மறுபடி ஆற்றுக்கே போயிற்று!

ஆகவே, எந்த ஊரானாலும், முதலில் மாநகராட்சியிடம் அனுமதியும் குப்பை லாரியும் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்துக்கு முன்பே நாள் குறியுங்கள். கையுறையும் கனமான ஷூவும் அவசியம். தண்ணீரில் இறங்க வேண்டாம். வீட்டு நிர்மால்யத்தைச் செடிக்கு உரமாக்குங்கள். நதியில் போடாமலிருப்பதே முதல் கைங்கர்யம்.