வாசிச்சுக் காட்டுங்க!

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் பொதுக்கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



வாழ்த்துரை வழங்க நான் வரவில்லை. ஒரு மேசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது காவல் நிலையத்தில் புகாரை எழுதும் ரைட்டர் உட்கார்ந்திருக்கும் மேசை.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் வந்தார். அவருடைய மகனை டீக்கடை வாசலில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, செருப்பால் அடித்திருக்கிறான் ஒருவன். அந்த அம்மா ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். இவர் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல, அங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். "இந்தா, இங்க கை வையி" என்று மைப்பெட்டியை நகர்த்தியிருக்கிறார். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் வந்தது என்பதற்கான சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கேஸ் போட்டாயிற்று என்று நம்பி, அந்த ரசீதை மூன்று மாதம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார் அந்தத் தாய்.

நான் அந்தப் புகாரின் நகலை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் நாலே வரி. "இரு தரப்பினருக்கும் ஏற்பட்ட வாய்த்தகராறு" என்று இருந்தது. அடித்தவன் பெயர் இருந்தது. அவன் சொன்ன சொல் இல்லை. செருப்பும் இல்லை. அதற்குக் கீழே அந்த அம்மாவின் கட்டைவிரல் ரேகை மட்டும் நீல மையில் பளிச்சென்று இருந்தது.

தோழர்களே, இந்த நாட்டில் சட்டத்துக்கா பஞ்சம்? அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955இல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1976இல் அதைத் திருத்தி, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதைச் சுருக்கித்தான் இன்றைக்கும் ஊர் டீக்கடையில் "பி.சி.ஆர். போட்டுடுவான்" என்கிறார்கள். அதில் அபராதம் எவ்வளவு தெரியுமா? 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை! ஒரு மனிதனைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்ததற்கு அதுதான் விலை.

அது போதவில்லை என்றுதான் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995இல் விதிகள் வந்தன. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 60 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். நிவாரணத்தை 7 நாளில் கொடுக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலான விழிக்கண் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாநில அளவில் முதலமைச்சரே தலைவராக இருந்து வருடத்துக்கு இரண்டு முறை கூட்ட வேண்டும். இப்படி எத்தனை 'வேண்டும்' பாருங்கள்! ஆனால் இந்த 'வேண்டும்' எல்லாம் எங்கே தொடங்குகிறது? ரைட்டர் மேசையில். அங்கே எஃப்.ஐ.ஆர். விழவில்லை என்றால் டி.எஸ்.பி. வர மாட்டார், 60 நாள் கணக்கு ஓடாது, நிவாரணத்தின் முதல் தவணைகூட வராது.

'அதிகாரிகளுக்கு ஆள் இல்லை, நேரம் இல்லை, அவர்களால் முடியாது' என்று சிலர் பரிந்து பேசுகிறார்கள். முடியாதா? வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பர் கடைசியில், புதுக்கோட்டை மாவட்டத்து அந்த ஊரில் பட்டியலினக் குழந்தைகள் குடிக்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். கலெக்டரும் எஸ்.பி.யும் நேரில் போனார்கள். போன இடத்தில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது தெரிந்தது, வழக்குப் போட்டார்கள். கோயிலுக்குள் விடுவதில்லை என்று மக்கள் சொன்னார்கள். அந்த மக்களைக் கையோடு அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். தலைமுறை தலைமுறையாகப் பூட்டிக் கிடந்த கதவு ஒரே நாளில் திறந்தது! அன்றைக்கு எந்தப் புதுச் சட்டமும் வரவில்லை. பழைய சட்டத்தைக் கையில் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே ஊரின் தண்ணீர்த் தொட்டி வழக்கு என்ன ஆனது? சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போய், இரண்டு வருடம் தாண்டி, 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. பாதிக்கப்பட்ட அதே மக்களில் மூன்று பேர் மீதுதான் குற்றச்சாட்டு! அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: கோயில் கதவை ஒரே நாளில் திறக்க முடிந்த அரசுக்கு, அந்த மக்கள் நம்பும்படி ஒரு விசாரணையை நடத்த இரண்டு வருடம் போதவில்லையா?

அடுத்து, 'எல்லாம் பொய்க் கேஸ்' என்ற பாட்டு. 2018 மார்ச் 20 அன்று, இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று உச்ச நீதிமன்றமே கடிவாளம் போட்டது. நாடு கொதித்தது. அதே வருடம் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்து, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று சொன்னது. 2019இல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் தானே திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் "விசாரிச்சுட்டுச் சொல்றோம், நாளைக்கு வா" என்று ஒரு காவல் நிலையம் சொன்னால், அது யார் போட்ட சட்டம்?

வழக்குகள் தோற்கின்றனவே என்கிறார்கள். தோற்கத்தான் செய்யும். சாட்சி சொல்ல வேண்டியவன் குற்றம் சாட்டப்பட்டவனின் வயலில் கூலி வேலை பார்க்கிறான். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவன் மகள் கல்யாணத்துக்குக் கடன் தேவைப்படுகிறது, கடன் கொடுக்கிறவன் யார்? அதே ஆள்தான். கூண்டில் ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்கிறான். வழக்கு விடுதலையில் முடிகிறது. உடனே பொய்க் கேஸ் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். போதாததற்கு அடி வாங்கியவன் மீதே ஒரு கவுன்டர் கேஸ் வேறு. "நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாங்கட்டும், சமாதானமாப் போங்க" என்று காவல் நிலையத்திலேயே கட்டப்பஞ்சாயத்து. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தராசில் நிறுத்துவதற்குப் பெயர் சமாதானமா?

இதற்கு மருந்து அதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 4ஆவது பிரிவு! பட்டியலினத்தையும் பழங்குடியையும் சேராத ஓர் அரசு ஊழியர், இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால், 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. என்னென்ன கடமை என்று 2015இல் பட்டியலே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவது கடமை. நகல் கொடுப்பது கடமை. 60 நாளில் குற்றப்பத்திரிகை போடுவது கடமை. இந்தப் பிரிவில் ஓர் அதிகாரி மீது வழக்கு வந்ததாக உங்கள் ஊரில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கைகூட இல்லை!

காரணம் சொல்கிறேன். துறை விசாரணை நடத்திப் பரிந்துரை செய்தால்தான் அந்த அதிகாரி மீது குற்றச்சாட்டுப் பதிய முடியும் என்று அதே பிரிவில் ஒரு வால் ஒட்டியிருக்கிறது. போலீஸ் தவறு செய்தால் போலீஸே விசாரித்துச் சொல்ல வேண்டும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை! அந்த வாலை வெட்ட வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. விழிக்கண் குழு கூடும் ஒவ்வொரு முறையும், எத்தனை அதிகாரிகள் மீது 4ஆவது பிரிவில் நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற கணக்கை அறிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் அதே புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். விதி 5 அந்த உரிமையைத் தருகிறது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதிகாரி கடமை தவறினால் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு உண்டு. அங்கே வாருங்கள், நாங்கள் இருக்கிறோம்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒன்று. நான் சொன்ன கடமைப் பட்டியலில் முதல் கடமை எது தெரியுமா? வாயால் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், புகார் கொடுத்தவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயை நினைத்து எழுதிய வரி அது. அந்த ராத்திரி அந்த அம்மாவுக்கு யாராவது அதை வாசித்துக் காட்டியிருந்தால், "செருப்பு எங்கய்யா? அவன் சொன்ன வார்த்தை எங்கய்யா?" என்று அவரே கேட்டிருப்பார்.

ஆகவே, அந்த மேசைக்கு முன்னால் எப்போதாவது நிற்க நேர்ந்தால், மைப்பெட்டியை உங்கள் பக்கம் நகர்த்தும்போது விரலை நீட்டாதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "வாசிச்சுக் காட்டுங்க சார்" என்று சொல்லுங்கள். அவர் வாசிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.