பட்டை இல்லாத வாத்து



என் கைப்பேசியில் ஆறு படங்கள் இருக்கின்றன. வானொலியில் அவற்றைக் காட்ட வழியில்லை. சொல்லித்தான் உங்கள் கண்முன் கொண்டுவர வேண்டும்.

தை மாதத்தில் என் பெறாமகள் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள். அப்படியே கூந்தன்குளத்துக்கும் போய்விட்டு, அன்றிரவே கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த எனக்கு ஒரு படம் அனுப்பினாள். "சித்தப்பா, இது ஆரும் வளர்க்கிற வாத்தோ, காட்டு வாத்தோ? புத்தகத்தில கிடக்கிற மாதிரித் தலையில பட்டை ஒண்டும் இல்லையே" என்று கேட்டிருந்தாள்.

கூந்தன்குளம் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி கொளுத்தாத ஊர் அது. மாரியில் அங்கு வந்திறங்கும் விருந்தாளிகளில் ஒன்று வரித்தலை வாத்து. வளர்ந்த பறவையை ஒருதரம் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். வெள்ளைத் தலையின் பின்பக்கத்தில் மையால் இழுத்ததுபோல இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். ஒன்று உச்சியைச் சுற்றி ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகும். மற்றது அதற்குக் கீழே, பிடரியில், சற்றுக் குட்டையாக இருக்கும்.

அவள் அனுப்பிய பறவைக்கு அந்தப் பட்டைகள் இல்லை. அது தனியாக, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. கால் முழுக்கச் சேறு. அந்திவெயில் பட்டு, சாம்பல் நிறமெல்லாம் பொன்னிறமாகக் கிடந்தது. இப்படி ஒரு படத்தை வைத்துப் பெயர் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "எடுத்த படமெல்லாத்தையும் அனுப்பு பிள்ளை, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். பறவையை அடையாளம் காண விரும்பும் எல்லோருக்கும் நான் சொல்வதும் இதுதான். அழகான ஒரு படத்தைவிட, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று, பறக்கையில் ஒன்று, கூட்டத்தோடு ஒன்று என்று நாலு சாதாரணப் படங்கள் கூடுதல் உதவி செய்யும்.

இரண்டாம் படத்தில் பறவை பக்கவாட்டில் நின்றது. முகம் அழுக்கு வெள்ளை. கண்ணிலிருந்து அலகு வரைக்கும் மங்கலான ஒரு கோடு. தலையின் பின்பாதியும் பிடரியும் ஒரே கபிலச் சாம்பல், யாரோ முக்காடு போட்டுவிட்டதுபோல. பெரிய பறவையின் கழுத்தோரம் பளிச்சென்று ஓடும் வெள்ளைக் கோடு இதில் தெளிவாக இல்லை. மஞ்சள் அலகும் வெளிறியிருந்தது, ஆனால் நுனி கறுப்பு. வரித்தலை வாத்தின் அந்த வருசத்துக் குஞ்சு இப்படித்தான் இருக்கும். இறகு மாறும்போதுதான் பட்டைகள் துலங்கும். புத்தகத்தில் பெரும்பாலும் பெரிய பறவையின் படத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். அதில் உள்ள அடையாளத்தை மட்டும் தேடிப் போனால் இளம்பறவை எங்களை ஏமாற்றிவிடும்.

வளர்ப்பு வாத்தாக இருக்குமோ என்ற சந்தேகமும் நியாயமானதே. பண்ணை வாத்துகள் பலவற்றின் மூதாதையான சாம்பல் வாத்து உடல் தடித்தது. அதன் கால் இளஞ்சிவப்பு, தலையும் கழுத்தும் ஒரே மண்சாம்பல். இந்தப் பறவையின் வெள்ளை முகம் அதற்குக் கிடையாது.

எங்கள் கொழும்புப் பக்கத்தில் வேறொரு குழப்பம் உண்டு. 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலம் வெள்ளவத்தையிலிருந்து கொஞ்சத் தூரந்தான். அங்கே தென்படும் குள்ளத் தாராவை ஆங்கிலப் புத்தகங்கள் வாத்து என்றே அழைக்கின்றன. ஒரு அடி நீளம்கூட இல்லாத தாரா அது. வரித்தலை வாத்தோ இரண்டடிக்கு மேல் நீண்டது, இரண்டு மூன்று கிலோ எடை கொண்டது. படத்தில் பக்கத்தில் ஒரு கொக்கோ மாடோ நின்றால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். தனியாக நிற்கும் பறவையின் பருமனைப் படம் சொல்லாது.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வரித்தலை வாத்துகள் முட்டையிடுவது லடாக், திபெத், மொங்கோலியா என்று உயரத்து ஏரிக்கரைகளில். செய்மதிக் கருவி பொருத்திப் பார்த்தபோது ஒரு பறவை 7290 மீற்றர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. மொங்கோலியாவில் கழுத்துப்பட்டி மாட்டிவிட்டவை கர்நாடக ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. அவ்வளவு தூரத்தில் அந்த வருசம் எத்தனை குஞ்சுகள் தப்பிப் பிழைத்தன என்று அறிய ஒரு வழி, மாரியில் வந்திறங்கும் கூட்டத்தில் பட்டை உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணுவது. பட்டை இல்லாததை வேறு வாத்து என்று ஒதுக்கினால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். இமயத்தைக் கடந்து வந்த ஒரு குஞ்சை ஆரோ வளர்க்கும் வாத்து என்று எழுதிவைப்பது எனக்கு மனவருத்தமான காரியம்.

ஆறாவது படம் மிகவும் மங்கல். அதை அனுப்புவதா என்றே அவள் யோசித்தாளாம். குளத்தோரத்துப் புல்லில் எங்கள் பறவை தலையைக் குனிந்து மேய்கிறது. அதன் இரண்டு பக்கத்திலும், ஓரடி இடைவெளியில், பட்டை போட்ட இரண்டு பெரிய வாத்துகள் நிற்கின்றன. குஞ்சுகள் முதல் மாரி முழுக்கத் தாய் தகப்பனோடுதான் திரியும். பெரியவை இரண்டில் ஒன்று மேய்கிறது. மற்றது கழுத்தை நிமிர்த்தி, படம் எடுத்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.