ஆணையும் நடைமுறையும்



பொதுச்சாலையும் பொதுக்கிணறும் அனைவர்க்கும் உரியவை என 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்தார். அவ்வாண்டே அரசாணையும் வெளிவந்தது. எனினும் தடுப்போரைத் தண்டிக்க மாகாணத்தில் 1938-இலும், நாடு முழுமைக்கும் 1955-இலும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும்.

நம் தென்காசி மாவட்டத்தில் அக்குழு எப்போது கூடியது, என்ன முடிவு செய்தது என்று ஆலங்குளத்தில் நம்முள் எத்தனை பேர் கேட்டோம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும். கேட்பாரின்றேல் ஆணை கோப்பிலேயே உறங்கும். இளைஞர்களே, நாம் பெற்ற கல்வி முதற்கண் அவ்விண்ணப்பத்தை எழுதட்டும்.