பழைய படகு மோட்டாரில் பொறி வரவில்லையா?



சுங்கை சோ பக்கத்துத் தோட்டங்களில், சனிக்கிழமை வேலை முடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். பெஸ்தாரி ஜெயாவுக்குக் கீழே சிலாங்கூர் ஆற்றில் ஊடாங் காலா இறாலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கோலசிலாங்கூரில் ஆறு கடலோடு சேரும் இடம்வரை போகிறவர்கள் இன்னொரு பக்கம். நாலு பேர் காசு சேர்த்து ஒரு பழைய சாம்பானும், யாரோ கழித்துப்போட்ட ஜான்சன் அல்லது எவின்ரூட் மோட்டாரும் வாங்கிவிடுகிறார்கள். இன்று அந்த மோட்டாரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவரோடு நானும் போயிருந்தேன். அவருடைய சின்னப் பையனும் படகில் இருந்தான். பொழுது சாய்கிற நேரம், நீர் வற்றி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று முகத்தில் மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து அண்ணனுக்குக் கை வீங்கியதுதான் மிச்சம். இருந்ததோ ஒரே துடுப்பு. "அப்பா, கரை ஏன் தள்ளிப் போகுது?" என்று பையன் கேட்டான். எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. பாசிர் பெனம்பாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன் படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தது.

மறுநாள் பிரித்துப் பார்த்தோம். எண்ணெய் இருந்தது, பொறி இல்லை.

1950களிலிருந்து 1970கள்வரை வந்த இந்த மோட்டார்களில் பொறி எப்படிப் பிறக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். மேலே சுழலும் கனத்த சக்கரம் பிளைவீல். அதன் உட்புறத்தில் காந்தம் இருக்கிறது. அது காயிலைக் கடக்கும்போது கம்பிச் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. பாயிண்ட் என்பது இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள். அவை சேர்ந்திருக்கும்வரை மின்சாரம் ஓடும். தண்டில் உள்ள மேடு அவற்றைப் பிரித்தவுடன் ஓட்டம் சட்டென்று அறுகிறது. அந்த அறுப்பில்தான் காயிலின் இரண்டாவது சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. பாயிண்ட் தீய்ந்துபோகாமல் காப்பது கண்டென்சர். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் இவை எல்லாம் இரண்டிரண்டு.

கடைக்கு ஓடுமுன் சோதியுங்கள். எண்ணெய்த் தொட்டியைத் தூர எடுத்து வைத்துவிடுங்கள். பொறியும் பெட்ரோல் ஆவியும் சேரக்கூடாது. பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பைத் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பழுது வேறிடம். மஞ்சளாக மங்கி வந்தாலோ, வராவிட்டாலோ, புதுப் பிளக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகுதான் பிளைவீலைக் கழற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் சுத்தியலை எடுக்கிறார்கள். வேண்டாம் ஐயா! தண்டின் மரை நசுங்கினால் மோட்டார் பழைய இரும்புக்குத்தான் போகும். பிளைவீலில் மூன்று மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் மாட்டி இழுக்கும் புல்லரை வாங்கியோ, பட்டறையில் இரவல் கேட்டோ கொண்டுவாருங்கள். விளிம்பைப் பிடித்து இழுக்கும் வகை ஆகாது. சக்கரம் வந்ததும் தண்டின் பள்ளத்திலிருக்கும் அரைவட்டச் சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் மோட்டாரில் பாயிண்ட் இரண்டும் கருகிக் குழி விழுந்திருந்தன. ஒரு காயிலின் மேலுறை வெடித்திருந்தது. பழைய ஜான்சன், எவின்ரூட் காயில்களில் இது சர்வசாதாரணம். மயிரிழை வெடிப்பில் ஈரம் புகுந்தாலே மின்சாரம் குறுக்கே ஓடிவிடும். வெடித்த காயிலுக்குப் பசை தடவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாயிண்டை மாற்றும்போது கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடுவது என் வழக்கம்.

எவின்ரூட் மோட்டார் உற்பத்தி 2020இல் நின்றுபோனது. ஆனாலும் வேறு கம்பெனிகள் இந்தச் சாமான்களைச் செய்து விற்கின்றன. மோட்டாரின் தகட்டில் உள்ள மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். "பழைய ஜான்சன்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்?

புதுக் காயிலை முறுக்கும்போது அதன் இரும்புக் கால்கள் தட்டின் மேடைகளோடு சரியாக ஒட்டி நிற்க வேண்டும். வெளியே நீட்டினால் காந்தம் உரசும். உள்ளே போனால் பொறி மங்கும்.

இனி முக்கியமான வேலை, பாயிண்ட் இடைவெளி. தண்டைக் கடிகாரம் சுற்றும் பக்கமே திருப்புங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் கீழே தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை மடங்கிப்போகலாம். மேட்டின் உச்சி வந்து பாயிண்ட் முழுதாகப் பிரிந்த நிலையில், ஜான்சன், எவின்ரூட் வகைக்கு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் வைக்க வேண்டும். சிறிய யமஹாக்கள் பலவற்றில் இதைவிடக் குறைவு, கையேட்டைப் பாருங்கள். அளக்கும் தகடுகளை ஃபீலர் கேஜ் என்று கடையில் கேட்டால் தருவார்கள். பால் மரம் வெட்டுகிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை: கத்தி ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. இதுவும் அப்படித்தான். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். திருகை இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும். எங்களுக்கு மூன்று தடவை நகர்ந்தது.

தகட்டில் எண்ணெய் இருந்தால் பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான அட்டைத் துண்டை இடையே விட்டு இழுத்துத் துடையுங்கள். பிளைவீல் உட்காரும் தண்டின் கூம்பையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே கிரீஸ் தடவக்கூடாது. நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்திருந்தால் சாவி அறுந்து, சக்கரம் இடம் மாறி, எல்லா உழைப்பும் வீணாகும்.

ஓட்டிப் பார்ப்பதைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட நிலையில் ஓட்டினால் பம்ப் எரிந்துவிடும். கம்போங் குவாந்தான் பக்கம் ஆற்றில் இறக்கிச் சோதிக்க வேண்டாம். அங்கே பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்க மக்கள் துடுப்புப் படகில் போகிறார்கள்.

அண்ணனின் மோட்டார் டிரம்மில் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பையன் கை தட்டினான். அடுத்த ஞாயிறு படகில் மிதவைச் சட்டைகள், நங்கூரம், கயிறு, ஒரு புதுப் பிளக், ஸ்பேனர் எல்லாம் ஏறின. துடுப்பு இரண்டு.