மழையில் ஓடும் வானொலி லாரி



நாம் பிறந்த ஊர் சித்தூர். பணியோ வடக்கே, மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவு ஒன்றில். ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் ஐப்பசி அல்லது கார்த்திகையில், ஊருக்குச் சென்று வருவோம். அவ்வாறு சென்ற ஓர் ஆண்டில் தமக்கை மகனுக்கென்று ஒரு பொம்மை லாரி வாங்கிச் சென்றோம். பொம்மை என்பது பேச்சுக்குத்தான். முழங்கை நீளமுள்ள வண்டி. நான்கு சக்கரங்களும் இழுக்கும். கையிலுள்ள ரிமோட்டின் விசையைத் தொட்டால் குதிரையைப் போலப் பாயும். பெட்டியின்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை, 'நீர் புகாதது' என்று மருகனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் நாமே.

பருவமழைக் காலம். வீட்டெதிரே செம்மண் தெருவெங்கும் குட்டைகள். மூன்று நாள் லாரி அவற்றில் நீந்தாத குறையாக ஓடிற்று. நான்காம் நாள் நின்றது. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தால் நறநறவென்று அரைத்தது.

"நீர் புகாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மாமா?" என்றான் பையன்.

சொல்லுக்குப் பொருள் காண்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதற்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிக் கற்றதைத்தான் இன்று கூற விரும்புகிறோம்.

ரிமோட்டிலிருந்து புறப்படும் ஆணை, இப்பேச்சை உங்களிடம் கொண்டுவருவது போன்ற வானொலி அலையாகவே செல்கிறது. கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்குவது புதிதன்று. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பாலிருந்த மணியை மின்னலையால் ஒலிக்கச் செய்து காட்டினார். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா, தொட்டி நீரில் ஒரு சிறு படகை விட்டுத் தம் விருப்பப்படி திருப்பிக் காட்டினார். ஆக, வானொலியால் இயங்கிய முதல் ஊர்தி நீரில்தான் ஓடியது!

நம் லாரிக்குள் நான்கு உறுப்புகள் முதன்மையானவை. அலையை வாங்கும் ரிசீவர். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் இ.எஸ்.சி. என்னும் சிறு பெட்டி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, பின் மோட்டார். 'நீர் புகாதது' என்ற சொல் பெரும்பாலும் இவற்றுள் முதல் மூன்றை மட்டுமே குறிக்கும். ரிசீவரை ரப்பர் வளையம் இட்ட மூடியுள்ள பெட்டியில் வைத்திருப்பார்கள். இ.எஸ்.சி.யின் உட்பகுதி பிசின் போன்ற பொருளால் மூடப்பட்டிருக்கும். மோட்டார் நனைந்தாலும் ஓடும். ஆனால் கார்பன் பிரஷ் வைத்த மோட்டாராயின், நீரில் அந்தக் கரித்துண்டுகள் விரைவில் தேயும். பிரஷ் இல்லாத மோட்டாருக்கு அத்தேய்மானம் இல்லை. எனினும் மோட்டாரில் உள்ள பேரிங்குகள் எஃகினால் ஆனவையாக இருக்கலாம். சக்கரங்களிலும் அச்சுகளிலும் உள்ளவையும் அவ்வாறே. எஃகுக்கு எந்தப் பெட்டியும் துருவிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. நம் லாரியின் நோய் அதுதான். குட்டையில் ஓடியதால் அது கெடவில்லை; ஓடிய பின் ஈரத்தோடு மூன்று இரவு திண்ணையில் கிடந்ததால் கெட்டது.

ஆதலின் மழையில் ஓட்டும் கலை என்பது முக்காலும் உலர்த்தும் கலையே. வீடு திரும்பியதும் முதற்காரியம் பாட்டரியைக் கழற்றுதல். பின்பு சேற்றை நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவலாம். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் நீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். டயரின் உள்ளே கடற்பஞ்சு போன்ற பொருள் இருக்கும். அது நீரைக் குடித்துக் கனத்துவிடும். சக்கரத்தில் உள்ள சிறு துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, அழுத்திப் பிழிந்துவிடல் வேண்டும். இடுக்குகளிலுள்ள நீரைச் சைக்கிள் பம்பினால் ஊதி வெளியேற்றலாம். அதன்பின் மின்விசிறியின் கீழ் ஓர் இரவு. காலையில் ஒவ்வொரு பேரிங்குக்கும் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு, ஒன்றே போதும். கார்பன் பிரஷ் மீது மட்டும் எண்ணெய் படக் கூடாது.

லாரியை அரிசிப் பானையில் புதைத்துவைக்கும்படி நம் அன்னையார் யோசனை கூறினார். கைப்பேசி நனைந்தவர்கள் பலரும் செய்வதே அது. காற்றோட்டம் செய்யும் வேலையை அரிசி செய்யாது. தவிட்டுத் தூள் பல்சக்கரங்களில் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். அன்னையாரிடம் இதைச் சொல்லவில்லை. லாரியைப் பானையிலிருந்து இரவே எடுத்துவிட்டோம்.

ரிசீவர் பெட்டியின் ரப்பர் வளையத்தை மாதம் ஒரு முறை துடைத்து, சிலிகோன் கிரீஸ் தடவுக. ஒரு மணற்பரல் அதில் சிக்கியிருந்தாலும் நீர் நுழைய வழியாகிவிடும். டிஃபரென்ஷியல் பெட்டியையும் மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்த்தல் நன்று. கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது என்று பொருள். கடல்நீரில் மட்டும் எக்காரணத்தாலும் விட வேண்டா. உப்பு செய்யும் கேட்டை எண்ணெயால் மீட்க முடிவதில்லை.

இனிப் பனியைப் பற்றி. சித்தூரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் தங்குவது. இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் பணிபுரியும் நேயர்களுக்கோ அது முழங்கால் அளவு. நாம் சிம்லாவில் இருந்த ஒரு குளிர்காலத்தில், சங்கராந்தி விடுமுறைக்கு மருகன் வந்தான். பழுது நீங்கிய லாரியும் வந்தது. உறைபனி நீரினும் வஞ்சகமானது என்று அப்போது கண்டோம். மோட்டாரின் சூட்டில் உருகி வழிந்து, நின்ற சிறிது நேரத்தில் அச்சில் மீண்டும் உறைந்துவிடுகிறது. பனியை உழுதுகொண்டு போவதால் வெளியே அத்தனைக் குளிரிலும் மோட்டார் உள்ளே கொதிக்கிறது. மோட்டாரின் பல்சக்கரத்தை ஓரிரு பல் குறைந்ததாக மாற்றினால் வேகம் குறையும், மோட்டார் பிழைக்கும். குளிரில் பிளாஸ்டிக் உறுப்புகள் எளிதில் முறியும் என்பதால், மேட்டிலிருந்து குதிக்கவிடும் விளையாட்டைக் கோடைக்கு ஒத்திவைத்தல் நலம்.

லித்தியம் பாட்டரியும் குளிரில் சோர்ந்துவிடும். அதைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்து, ஓட்டும்போது பொருத்துவது நல்ல வழக்கம். உறைநிலைக் குளிரில் அதற்கு மின்னேற்றம் செய்யலாகாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து தீப்பற்றவும் காரணமாகும். உப்பிய பாட்டரியை ஒருபோதும் பயன்படுத்த வேண்டா. இன்னொன்று: பனியில் ஓடிய வண்டியை நேரே கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வியர்ப்பதுபோல அதன் உட்புறமும் வியர்க்கும். பனியைத் தட்டிவிட்டு, முதலில் தாழ்வாரத்தில் சிறிது நேரம் வைத்துப் பின் உள்ளே எடுக்க.

இவையெல்லாம் வண்டியின் நலம் பற்றியவை. ஓட்டும் சிறுவனின் நலம் பற்றியது ஒன்று உண்டு. சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் காதங்கி என்னும் ஊரில், மேல்வளி மண்டலத்தை ஆராயும் ரேடார் நிலையம் இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட அந்த ரேடாரின் அலை 53 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். நம் லாரியின் அலையோ 2,400 மெகாஹெர்ட்ஸ்; அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் ஏறக்குறைய இதுவே. உணவிலுள்ள நீர் அந்த அலையை விழுங்குவதால்தான் அங்கே உணவு சூடாகிறது. அவ்வாறே, லாரியின் ஆன்டெனா நீரில் மூழ்கினால் ஆணை அதை எட்டாது. வண்டி நடுநீரில் நிற்கும். நின்றதும் சிறுவன் நீரில் இறங்குவான்.

திருப்பதியருகே பொன்முகலி எனப் பழந்தமிழர் அழைத்த சுவர்ணமுகி ஆறு, பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். லாரி ஓட்ட அதனினும் சிறந்த களம் இல்லை. ஆனால் 2021 நவம்பரில் பெய்த மழையில் அதே ஆறு கரைபுரண்டது. திருப்பதி நகரம் வெள்ளக்காடாயிற்று. திருமலைப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. ஒருமுறை மெல்லிய ஓட்டமே இருந்த நாளில், லாரி மணல்திட்டுக்கு அப்பால் நின்றுவிட, மருகன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான். கையைப் பற்றி நிறுத்தினோம். நீர் கணுக்காலளவுதான், ஆயினும் மேலே மலையில் எவ்வளவு பெய்திருக்கிறது என்பதை நின்ற இடத்திலிருந்து யார் அறிவார்? அரை மணிக்குள் நீர் கலங்கி முழங்காலளவு ஆயிற்று. லாரி போனது. பையன் அழுதான், நாம் அழவில்லை.

இப்போது அவனிடம் வேறொரு லாரி இருக்கிறது. ஓட்டும் முன் அதன் சக்கரங்களைத் தரையினின்று தூக்கிப் பிடித்து, மெல்லச் சுழலவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்க்கிறான். சக்கரம் தானே நின்றால்தான் வண்டி வெளியே போகும். தூண்டில் கழியும் அதன் நூலில் கட்டிய டென்னிஸ் பந்தும் உடன் செல்கின்றன. வண்டி நீரில் நின்றால் பந்தை அதற்கு அப்பால் எறிந்து, நூலைச் சக்கரத்தில் சிக்கவைத்துக் கரையிலிருந்தே இழுப்பான். ஐந்தாறு எறிதலாவது வேண்டியிருக்கும். அதுவே தனி விளையாட்டாகிவிட்டது.