எங்கள் வீட்டில் ஒரு தாதி

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இளையரும் வேலையும் என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று எங்களை அழைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது துணி வியாபாரம். அதைப் பற்றிப் பேச எங்களைவிட அனுபவமுள்ள பெரியவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே கடந்த நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். எங்கள் தங்கை சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இரண்டு பட்டயங்கள் உண்டு. ஒன்று வணிகப் பட்டயம். அது கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. அதற்கு உரியவர்தான் இப்போது உங்கள் முன் நிற்பது. மற்றொன்று, தங்கை நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு படித்து வாங்கிய தாதிமைப் பட்டயம். அவள் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது அத்தா சம்மதிக்கவில்லை. இரவு வேலை, ஆண் நோயாளிகள், முக்காடு போட முடியாது என்று மூன்று காரணங்கள் சொன்னார். இங்கே பலருடைய வீட்டிலும் அதே மூன்றைத்தான் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது காரணம் அவள் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலேயே தீர்ந்தது. 2021 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தபடி, நவம்பர் 1 முதல் பொதுச் சுகாதாரத் துறையில் முஸ்லிம் பெண் ஊழியர்கள் சீருடையோடு தூடோங் அணியலாம் என்றாயிற்று. அன்று காலை அவள் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து நின்று பார்த்தார்.

மற்ற இரண்டும் தீரவில்லை. அவற்றோடு வாழக் கற்றுக்கொண்டோம்.

அவள் சேர்ந்த சமயம் கொவிட் காலம். வருகையாளருக்குக் கட்டுப்பாடு இருந்ததால், பிள்ளைகள் செய்யும் சின்னச் சின்ன உதவிகளையும் தாதியரே செய்ய வேண்டியிருந்தது. காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். இரவு வேலை முடிந்து எட்டரை மணிக்கு வீடு வருவாள். எங்கள் வீடோ வியாபாரிகளின் வீடு. காலை எட்டரைக்குத்தான் ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் தொலைபேசி வரத் தொடங்கும். அம்மா மிக்சியைப் போடுவார். பத்து மணிக்கு யாராவது உறவினர் வருவார்கள். "தங்கச்சி வீட்லதானே இருக்கா, கூப்பிடுங்க" என்பார்கள். நாங்களும் எழுப்புவோம். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, அரை மணி உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்ப் படுப்பாள். அன்றிரவு மறுபடி வேலை.

ஒன்பதாவது மாதம், வேலையை விடப் போவதாகச் சொன்னாள். படிப்புக்கு உதவித்தொகை வாங்கியிருந்ததால் சேவை ஒப்பந்தம் இருந்தது. முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அத்தா கணக்குப் பார்த்தார். நாங்களும் சரக்கு வாங்க வைத்திருந்த பணத்தை எண்ணினோம். வியாபாரிக்கு எல்லாமே பணத்தால் அடைபடும் ஓட்டையாகத்தான் தெரியும். அவள் அழுதுகொண்டே, "எனக்குப் பணம் வேணாம். பகல்ல தூங்க விடுங்க, போதும்" என்றாள்.

மறுநாள் கடையிலிருந்து வெளிச்சம் புகாத கறுப்புத் திரைத்துணி வெட்டிக்கொண்டு வந்து அவள் அறையில் மாட்டினோம். ஊருக்கெல்லாம் விற்கிற துணி. நம் வீட்டுக்கு மூன்று மீட்டர் வெட்டத் தோன்ற ஒன்பது மாதம் ஆயிற்று! அவளுடைய வேலை அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினோம். இரவு வேலை நாள்களில் பகல் ஒன்பது முதல் மூன்றுவரை மிக்சி கிடையாது. விருந்தினர் வந்தால், "தூங்கறா" என்று சொல்லிவிடுவோம். சிலருக்கு வருத்தம்தான். இந்த மண்டபத்திலும் அவர்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மன்னிக்க வேண்டும்.

தூக்கம் ஒருவாறு சரியானதும், அந்த வேலையில் உண்மையில் என்ன கஷ்டம் என்று எங்களுக்குப் புரியத் தொடங்கியது. அவளும் பேசத் தொடங்கினாள்.

ஒரு நாள் மாத்திரைக் கிண்ணத்தோடு நோயாளியிடம் போய்க்கொண்டிருக்கிறாள். பாதி வழியில் இன்னொரு முதியவர் கழிவறைக்குப் போகக் கூப்பிடுகிறார். விழுந்துவிடக் கூடாதே என்று ஓடிப்போய்ப் பிடிக்கிறாள். திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டாள். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். மீதிப் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். மணிக்கட்டுப் பட்டையைக் கருவியால் வருடியபோதுதான், ஆள் மாறிவிட்டது என்று தெரிந்தது. மாத்திரை கொடுக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவளே போய் மேற்பார்வையாளரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"மருந்து கொடுக்கலைதானே? அப்புறம் ஏம்மா நீயே போய்ச் சொன்னே?" என்று அத்தா கேட்டார். எங்களுக்கும் அதே கேள்விதான். கடையில் கணக்கில் பத்து வெள்ளி குறைந்தால் சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொள்வோம்.

அவள் சொன்னாள்: "அடுத்த ஷிப்டுக்கு வர்றவளும் அதே கட்டிலுக்குத்தான் அத்தா போவா."

மறுநாள் அந்த இருவரில் ஒருவரை வேறு கட்டிலுக்கு மாற்றினார்கள். பெயர் ஒற்றுமை இருப்பதாக இருவருக்கும் எச்சரிக்கை அட்டையும் போட்டார்கள். அந்த மாதம் எங்கள் கடையிலும் ஒரு குறிப்பேடு வைத்தோம். சரக்கு அளந்ததில் தவறு வந்தால், திட்டு கிடையாது, எழுதி வைக்க வேண்டும். துணி வெட்டும் தம்பிகள் முதலில் நம்பவில்லை. இப்போது எழுதுகிறார்கள்.

அவளுக்கு இன்னொரு பயம், நடுநிசியில் மருத்துவரை அழைப்பது. நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது, மணி மூன்று. தூக்கத்தில் இருக்கும் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று தயங்குவாள். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை எதிர்த்துப் பேசாமல் வளர்க்கிறோம். பெரியவர்கள் கேட்டால் மட்டும் பதில் சொல்லப் பழக்குகிறோம். அந்தப் பழக்கம் நோயாளி வார்டில் ஆபத்து. முதலாண்டு மதிப்பீட்டிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்: வேலை நன்று, ஆனால் வாய் திறப்பதில்லை.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் பிலிப்பீன்ஸ் நாட்டு மூத்த தாதி ஒருவர். அவர் ஒரு முறையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். தொலைபேசியை எடுக்குமுன் நான்கு வரி தயாராக இருக்க வேண்டும். இப்போது என்ன நிலைமை, நோயாளியின் பின்னணி என்ன, நீ என்ன நினைக்கிறாய், அவர் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது வரியில்தான் தங்கை தடுமாறுவாள். நான் நினைக்கிறேன் என்று ஒரு மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் நாங்கள் மருத்துவராக நடித்து, எரிந்து விழுந்து, அவளைப் பழக்கினோம். அத்தாதான் மிகக் கடுமையான மருத்துவர். (ஈரோட்டுக்குப் பேசும்போது நாங்களும் இப்போது அந்த நான்கு வரியைத்தான் கையாளுகிறோம். தொலைபேசிக் கட்டணம் குறைந்திருக்கிறது.)

ஆண் நோயாளிகளைப் பற்றி அத்தாவுக்கு இருந்த கவலையை ஓர் ஆண் நோயாளியே தீர்த்து வைத்தார். எண்பது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர். ஆங்கிலம் தெரியாது, மலாய் மறந்துவிட்டது, மூன்று நாளாகச் சாப்பிட மறுத்தார். "ஐயா, எங்கே வலிக்குது?" என்று இவள் தமிழில் கேட்டதும் அழுதுவிட்டாராம். பொய்ப்பல் உறுத்துகிறது, அவ்வளவுதான். அதை அத்தாவிடம் சொன்ன பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கையும் சீனப் பாட்டிமாரிடம் ஹொக்கியனில் "தியா?" என்று வலியைக் கேட்கக் கற்றுக்கொண்டாள். அவர்கள் இவளை "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்கள். நோன்பு மாதத்தில் மாலை முறை என்றால், மக்ரிப் நேரத்தில் சீனத் தோழி பத்து நிமிடம் இவள் நோயாளிகளையும் சேர்த்துப் பார்ப்பார். இவள் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்துவிட்டு ஓடிவருவாள். அந்தத் தோழிக்காகச் சீனப் புத்தாண்டு நாள்களில் இவள் வேலை செய்வாள்.

பெற்றோர்கள் பலர் கேட்பது, இதில் மேலே போக வழி உண்டா என்று. உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவர்கள் உதவித் தாதியராகச் சேர்ந்து, பிறகு பட்டயம் படித்துப் பதிவுபெற்ற தாதியராகலாம். பட்டயம் உள்ளவர்கள் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்திலோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் படிக்கலாம். சில ஆண்டு வேலை பார்த்ததும் பாதை பிரியும். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து ஒரு துறையில் ஆழ்ந்து போகலாம், வார்டை நிர்வகிக்கலாம், புதியவர்களுக்குக் கற்பிக்கலாம். முதுநிலைப் பட்டமும் மேற்பயிற்சியும் பெற்ற உயர்நிலைத் தாதியரில் சிலருக்கு, மருத்துவருடன் இணைந்து மருந்து எழுதித் தரும் அனுமதியும் உண்டு. பொதுச் சுகாதாரத் துறையில் நீடித்து வேலை செய்யும் தாதியர் 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளிவரை பெறக்கூடிய திட்டத்தை 2024இல் சுகாதார அமைச்சு அறிவித்தது. வியாபாரிகள் இந்த வரியை மட்டும் குறித்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும்.

தங்கை சிறுநீரகத் துறையில் மேற்படிப்பு படிக்க விரும்புகிறாள். ஏன் அந்தத் துறை என்று கேட்டால், நம் பெருநாள் விருந்து மேசையைக் காட்டுகிறாள். நீரிழிவு நம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பகுதிநேரமாகப் படித்தால் இன்னும் ஓராண்டு எங்கள் வீட்டு நேரம் தலைகீழாகும். ஆகட்டும் என்று சொல்லிவிட்டோம்.

திருமணப் பேச்சும் வந்தது. முதலில் வந்த இரண்டு குடும்பத்தாரும் நல்லவர்கள்தான். "கல்யாணத்துக்கப்புறம் நைட் டூட்டியை விட்டுடுவாங்கதானே?" என்று கேட்டார்கள். நான்கு ஆண்டுக்கு முன்பென்றால் அத்தா உடனே தலையாட்டியிருப்பார். இப்போது, "அதை அவகிட்டயே கேளுங்க" என்றார். இரண்டும் தட்டிப்போயின. அம்மா இரண்டு நாள் அத்தாவோடு பேசவில்லை. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் தாயார் குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பார்த்துவிட்டு, "எந்த ஞாயிறு அவளுக்கு லீவு?" என்று கேட்டு, அந்த ஞாயிறையே நிச்சயத்துக்குக் குறித்தார்.

தங்கை இதோ மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பகல் முழுவதும் தூங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இன்றிரவு ஒன்பது மணிக்கு வேலை, ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். பிள்ளைகளைத் தாதிமைப் படிப்புக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர்கள், தயங்கும் பெற்றோர்கள், அதற்குள் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரைத்துணி வேண்டியவர்கள் அவசரப்பட வேண்டாம், நாங்கள் கடைசிவரை இங்கேதான் இருப்போம்.