நீருக்கேற்ற தூண்டிற்கோல்

(ஓமலூர் வட்டாரக் கிராம இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



உரத்தையும் கிணற்றையும் கால்நடையையும் பற்றிப் பேசும் மேடையில் தூண்டிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஏரிக்கரையில் சிறுவர் பொழுதுபோக்கும் விளையாட்டு அது என்பது பொதுவான எண்ணம். ஆனால், பரிசலும் வலையும் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கும் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் தருவது தூண்டிலே. ஆற்றிலுள்ள மீனினத்தை வாரி எடுக்காமல், ஒரு முறைக்கு ஒரு மீனாக, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட இடம் தருவதும் அதுவே. ஆகையால் கிராம முன்னேற்றத்தில் தூண்டிலுக்கும் ஓர் இடம் உண்டு.

ஓமலூர் மக்களுக்கு நீர்நிலைகள் புதியவை அல்ல. சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா நம் ஊர் வழியாக ஓடித் தேவூர்ப் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது. மேற்கே சிறிது நேரப் பயணத்தில், 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை இருக்கிறது. சுற்றிலும் ஏரிகள். அணையின் உபரி நீரை ஏற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளை நிரப்புவதற்கான மேட்டூர் – சரபங்கா திட்டத்துக்கு 2020-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது; 2021-இல் அதன் முதற்கட்டம் தொடங்கிவைக்கப்பெற்றது. நீர் வரும் ஏரிக்கு மீனும் வரும். மீன் உள்ள இடத்துக்குத் தூண்டிலும் வரும். எந்த நீருக்கு எந்தக் கோல் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

மீசையுள்ள கெண்டைகள்

கெண்டை இனத்தில் பலவற்றுக்கு வாயோரத்தில் மீசை போன்ற மெல்லிய உறுப்புகள் உண்டு. கலங்கிய நீரிலும் இரையைத் தொட்டும் சுவைத்தும் அறிய அவை துணை செய்கின்றன. இங்கிலாந்து நாட்டு ஆறுகளில் 'பார்பெல்' என்றொரு கெண்டை உண்டு. தாடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. ஓடும் நீரின் அடியில், கூழாங்கல்லும் மணலும் கலந்த இடத்தில் அது இரை தேடும். முள் மாட்டியதும் ஆற்றின் வேகத்தையும் தன் பலத்தையும் சேர்த்துக்கொண்டு இழுக்கும். அந்நாட்டினர் அதற்கென்றே தனிக் கோல்கள் செய்து, ஆற்றின் நிலைக்குத் தக்கபடி மாற்றிக் கொள்கின்றனர்.

அம்மீனின் உறவுக்குள் அரசன் என்று சொல்லத்தக்கது நம் காவிரியிலேயே இருக்கிறது. அதுவே மகசீர். பார்பெல்லில் 5 கிலோ எடையுள்ளது பெரிய மீன். ஆனால் 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையிருந்தது. அம்மகசீருக்கு இரையாக உலகமெங்கும் பெயர் பெற்றது எது தெரியுமா? நாம் நாள்தோறும் உண்ணும் கேழ்வரகுக் களியே! காவிரிக்கரைத் தூண்டிற்காரர்கள் கேழ்வரகு மாவை வேகவைத்து உருண்டையாக்கி முள்ளில் பொதித்து வீசினர். கடல் கடந்து வந்தவர்களும் அதனையே பின்பற்றினர்.

கோல் செய்யும் வேலை

கோல் என்பது மீனைத் தூக்கும் கம்பு என்று நினைப்பது தவறு. அது ஒரு வில். மீன் இழுக்கும்போது வளைந்து கொடுத்து நரம்பு அறாமல் காப்பதும், மீன் தளரும்போது நிமிர்ந்து அதனைக் கரைக்கு ஈர்ப்பதும் அதன் வேலை. உலக்கை போன்ற கோலில் மெல்லிய நரம்பைக் கட்டினால், முதல் இழுப்பிலேயே நரம்பு அறுந்து, மீன் முள்ளைச் சுமந்துகொண்டு போய்விடும். நாணல் போன்ற கோலில் கனத்த நரம்பைக் கட்டினால் கோல்தான் முறியும்.

கோலின் பலத்தை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. கைப்பிடியை அசையாமல் பொருத்துக. நுனியிலிருந்து வரும் நரம்பை ஒரு வில்தராசின் கொக்கியில் கட்டி மெல்ல இழுக்க. நுனி கைப்பிடிக்குச் செங்கோணமாக வளையும்போது தராசு காட்டும் எடையே கோலின் பலம். அதனை ஐந்தால் பெருக்கினால், அக்கோலுக்குப் பொருந்தும் நரம்பு தாங்க வேண்டிய எடை கிடைக்கும். தராசு 700 கிராம் காட்டினால் மூன்றரைக் கிலோ தாங்கும் நரம்பு; 900 கிராம் காட்டினால் நாலரைக் கிலோ தாங்கும் நரம்பு. இங்கிலாந்தின் பார்பெல் கோல்கள் பெரும்பாலும் இவ்விரு அளவுகளுக்குள் அடங்குகின்றன. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் தராசைக் கேட்பது நன்று.

நால்வகை நீர்

முதலாவது, ஏரியில் நிற்கும் நீர். இங்கே நீரோட்டம் இல்லை. எதிர்ப்பது மீன் ஒன்றே. எட்டு முதல் பத்தடி வரை நீளமுள்ள, நுனி மெலிந்த மூங்கிற்கோல் போதும். இரண்டு மூன்று கிலோ தாங்கும் நரம்பு, சிறு முள், ஒரு தக்கை, மண்புழு: இவையே முதலீடு. தக்கை சிறிதாக இருத்தல் வேண்டும். பெரிய தக்கையை இழுக்கும் மீன் அதன் பாரத்தை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும்.

இரண்டாவது, மழைக்குப் பின் சரபங்காவில் ஓடும் சிறுநீரோட்டம். ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் இவ்வாற்றில், மலையில் மழை பெய்தபின் நீர் வடிந்து தெளியும் சில நாள்களே தூண்டிலுக்கு ஏற்றவை. கரையில் சீமைக் கருவேல் அடர்ந்திருப்பதால் நீண்ட கோல் கிளையில் சிக்கும். ஏழடிக் கோல் ஒன்றே போதும். ஆனால் அடித்தண்டு சற்றே உறுதியாக இருத்தல் வேண்டும். மீன் வேருக்குள் புகுமுன் அதனைத் திருப்ப வேண்டுமல்லவா?

மூன்றாவது, காவிரியின் ஆற்றுநீர். இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள் வரிசையாக உள்ளன. கதவணைக்கு மேற்புறம், பூலாம்பட்டிப் படகுத்துறையிற் போல, ஆறு ஏரியாகவே நிற்கிறது. அங்கே ஏரிக் கோலையே சற்று நீட்டிக் கொள்ளலாம். கதவணைக்குக் கீழ்ப்புறம் பாறையும் ஓட்டமும் மிக்கது. அங்குத்தான் பதினொன்று, பன்னிரண்டடிக் கோலும் ரீலும் தேவைப்படுகின்றன. நீண்ட கோலை உயர்த்திப் பிடித்தால் நரம்பின் பெரும்பகுதி நீருக்கு மேலே நிற்கும். ஓட்டம் அதனை அடித்துச் செல்லாது. ஈயக்குண்டும் இருந்த இடத்தில் இருக்கும். பாறையில் உரசுமாதலால் நரம்பையும் ஒரு படி கனமாகக் கொள்ள வேண்டும். அதற்கேற்பக் கோலும் பலமுள்ளதாக வேண்டும்.

நான்காவது, வெள்ளநீர். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நரம்பையும் ஈயத்தையும் இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவேதான் அயல்நாட்டினர் வெள்ளக் காலத்தில் கனத்த கோலையும் கனத்த ஈயத்தையும் எடுத்துக்கொண்டு, ஓட்டம் ஒதுங்கிய கரையோரங்களை நாடுகின்றனர். நமக்கு அவ்வுபாயம் பொருந்தாது. அவர்கள் ஆறு மழையால் மெல்ல உயர்வது. நம் காவிரியோ மதகு திறந்தால் உயர்வது. 2024 ஜூலை இறுதியில் மேட்டூர் அணை 120 அடியை எட்டியபோது, விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேலான நீர் வெளியேற்றப்பெற்றது. பதினாறு கண் மதகிலிருந்து நீர் பாயும்போது ஆற்றுப் பாறையில் கோலோடு நிற்பவனுக்கு ஓடவும் பொழுது இராது. எச்சரிக்கை அறிவிப்பு வந்தபின் ஆற்றுக்கேற்ற கோல், வீட்டுப் பரணில் இருக்கும் கோல்தான்.

மூங்கிலும் கரியிழையும்

கண்ணாடி இழைக் கோலும் கரியிழைக் கோலும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. முன்னது கனமானது, அடி தாங்கும், விலை மலிவு, தொடங்குவோர்க்கு ஏற்றது. பின்னது இறகு போல் இலேசானது; நாள் முழுதும் பிடித்தாலும் கை சலிக்காது; ஆனால் கல்லில் மோதினால் விரிசல் காணும். கரியிழையில் மின்சாரம் பாயும் என்பதை ஒவ்வோர் இளைஞரும் நெஞ்சில் இருத்துக. ஏரிக்கரையின் மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் எந்தக் கோலையும் உயர்த்தலாகாது. நனைந்த மூங்கிலும் அங்கே ஆபத்தே. இடி முழங்கும்போதும் கோலைக் கீழே வைத்துவிட்டு விலக வேண்டும்.

மூங்கிலை விரும்புவோர் சந்தையில் முற்றிய கல்மூங்கிலைத் தேர்க. உள்ளே துளை குறைந்து கெட்டியாக இருப்பதால் அது எளிதில் பிளவாது. நிழலில், நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகும். மீதமுள்ள வளைவை மெல்லிய அனலில் காட்டி நிமிர்த்தலாம். கணுக்களைச் சீவி எண்ணெய் பூசி வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.

மெல்லிய கோல் இரக்கமன்று

இனி நாம் சொல்லப்போவது இவ்வுரையின் சாரம். மெல்லிய கோலால் மீனை நெடுநேரம் அலைக்கழித்துப் பிடிப்பது திறமை என்று சிலர் கருதுகின்றனர். நெடுநேரம் போராடிய மீனின் உடலில் களைப்பு முற்றிவிடுகிறது. அதனைத் திரும்ப நீரில் விட்டாலும் பல வேளைகளில் பிழைப்பதில்லை. கோடையில் நம் ஏரி நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள உயிர்க்காற்றும் குறைகிறது. அப்போது மீனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆதலால், கோடையில் ஒரு படி பலமான கோலைக் கொண்டு விரைவில் கரை சேர்ப்பதே முறை. சிறு மீனையும் சினை மீனையும் ஈரக்கையால் பிடித்து, நீர் வரும் திசைக்குத் தலையைக் காட்டி, அது தானே நீந்திப் போகும் வரை தாங்கி விடுதல் வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை? முன்பு சொன்ன மகசீரின் கதையே விடை. திமிலுடைய அம்மீனுக்கு அறிவியல் உலகம் முறையான பெயரை உறுதி செய்தது 2018-இல்தான். அதே ஆண்டில், அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் அதனைச் சேர்க்கவும் நேர்ந்தது. பெயர் சூட்டும் நாளிலேயே உயிர் ஊசலாடும் பிள்ளையின் நிலை அது! மோயாறு போன்ற ஒரு சில இடங்களில் எஞ்சியவை இன்னும் வாழ்கின்றன. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆயினும் ஒரு வெடி ஒரு நொடியில் செய்யும் நாசத்தை ஆயிரம் தூண்டில்கள் ஓராண்டிலும் செய்ய இயலாது.

காவிரியின் ஒரு பகுதி இன்று காப்பகமாக உள்ளது. நம் மாநிலத்தில் காவிரி வடக்கு வனவுயிர்க் காப்பகம் 2014-இலும், காவிரி தெற்கு வனவுயிர்க் காப்பகம் 2022-இலும் அறிவிக்கப்பெற்றன. அங்கே அனுமதியின்றிக் கோலெடுத்தல் கூடாது. ஏரி குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரர் இசைவையும், அணையில் மீன்துறையின் உரிமத்தையும் பெற்ற பின்னரே தூண்டில் இடுக.

முடிவாக ஒன்று. மகசீர் அருகி வருவதை உலகுக்கு உணர்த்திய சான்றுகளில், காவிரிக்கரை முகாம்களில் தூண்டிற்காரர்கள் எழுதி வைத்த பிடிப்புக் கணக்கும் ஒன்று. பல ஆண்டுக் கணக்கை ஆய்வாளர் கூட்டிப் பார்த்தபோதுதான், திமில் மகசீர் குறைந்து, வெளியிலிருந்து கொணர்ந்துவிட்ட வேறொரு மகசீர் பெருகியது புலனாயிற்று. கோல் பிடித்த கை எழுதுகோலும் பிடித்ததால் விளைந்த நன்மை அது. நம் இளைஞர்களும் அவ்வாறே செய்யலாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நாள், நீர்நிலை, நீரின் நிறம், பிடித்த மீன், அதன் நீளம், விட்டதா வைத்ததா என்று எழுதி வருக. ஏரிகளுக்கு நீர் வரும் இக்காலத்தில், எந்த ஏரியில் எந்த மீன் வாழ்கிறது, எது மறைந்தது என்பதைப் பத்தாண்டுக்குப் பின் அந்நோட்டே நம் ஊராட்சிக்குச் சொல்லும்.

நீரைப் பார்த்துக் கோலைத் தேர்க. கோலைப் பார்த்து நரம்பைத் தேர்க. மீனைப் பார்த்து அதனை வைப்பதா விடுவதா என்பதைத் தேர்க. அவ்வாறு செய்வோமாயின், சரபங்காவில் நீர் ஓடும் நாளெல்லாம் அதில் மீனும் துள்ளும். நம் பேரப்பிள்ளைகளும் அக்கரையில் அமர்ந்து தூண்டிலிடுவார்கள்.